லண்டன் நேஷனல் கேலரி: இரண்டு மணி நேரம், ஏழு படங்கள்

லண்டனுக்குப் போகிற நம்மவர்களின் பட்டியலில் நேஷனல் கேலரி மேலே இருப்பதில்லை. டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகுச் சிலைகள் எல்லாம் முடிந்த பிறகு, மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க ஓர் இடம் என்ற அளவில்தான் அதற்கு மரியாதை. அப்படி ஒதுங்குகிறவர்கள், உள்ளே வந்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளை வரிசையாக நடந்து தீர்ப்பார்கள். இருபதாவது அறையில் கால் வலிக்கும். முப்பதாவது அறையில் மாதாவும் குழந்தையும் உள்ள எல்லாப் படங்களும் ஒன்றுபோலத் தெரியும். வெளியே வரும்போது வான் கோவின் சூரியகாந்தி மட்டும் நினைவில் இருக்கும், அதுவும் கைபேசியில் படம் பிடித்திருப்பதால்.

இந்த அத்தியாயம் வேறு வழியைச் சொல்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஏழு படங்கள் போதும். மற்றவற்றை நடந்தபடியே கடந்துவிடலாம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதுதான் இந்த யோசனைக்கு ஆதாரம். டிக்கெட் எடுத்துப் போகிற இடத்தில், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று மனசு கணக்குப் போடும். இங்கே அந்தக் கணக்குக்கே வேலையில்லை. அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டால் எழுந்து வந்துவிடலாம், மறுநாள் அந்தப் பக்கம் போகும்போது மறுபடி நுழையலாம்.

இது எந்தக் கேலரி?

லண்டனில் பெயர்க் குழப்பம் அதிகம். நேஷனல் கேலரியில் இருப்பது மேற்கு ஐரோப்பிய ஓவியம்: 13ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சுமார் 2,300 படங்கள். நாணயம், மம்மி, ஆயுதம் எதுவும் கிடையாது. அரசர்கள், எழுத்தாளர்கள் போன்ற பிரமுகர்களின் உருவப்படங்களைப் பார்க்க, இதே கட்டடத்தின் பின்பக்கம் உள்ள நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் ஓவியத்தை விரிவாகப் பார்க்க டேட் பிரிட்டன், நவீனக் கலைக்குத் தேம்ஸின் தென்கரையில் டேட் மாடர்ன். நம் பக்கத்துச் சிற்பங்களைத் தேடுகிறவர்கள், சென்னையிலிருந்து கப்பலேறிப்போன அமராவதிச் சிற்பங்களைப் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம்; சோழர் காலச் செப்புத் திருமேனிகள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உண்டு. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க இவை எல்லாமே இலவசம்தான்.

பாரிஸின் லூவரும் மாட்ரிட்டின் பிராடோவும் அரச குடும்பங்களின் சேகரிப்பிலிருந்து பிறந்தவை. லண்டன் கதை வேறு. காப்பீட்டுத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் இறந்த பிறகு, அவருடைய 38 படங்களை 1824இல் அரசு 57,000 பவுண்டு கொடுத்து வாங்கி, பால்மால் தெருவிலிருந்த அவர் வீட்டிலேயே மக்களுக்குத் திறந்துவிட்டது. வில்லியம் வில்கின்ஸ் வடிவமைத்த இப்போதைய கட்டடம் 1838இல் திறக்கப்பட்டது. மேற்கு லண்டன் பணக்காரர்கள் வண்டியிலும் கிழக்கு லண்டன் ஏழைகள் நடந்தும் வந்து சேரக்கூடிய நடு இடம் என்பதால்தான் டிராஃபல்கர் சதுக்கம் தேர்வானது. அரண்மனைச் சொத்தாக இல்லாமல் பொதுமக்களுக்கென்று ஒவ்வொன்றாக வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும் சேர்த்த தொகுப்பு இது. அதனால் லூவரைவிட மிகச் சிறியது. ஐரோப்பிய ஓவிய வரலாற்றை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தொடர்ச்சியாகக் காட்டக்கூடியது. முதன்முறையாக ஐரோப்பிய ஓவியம் பார்க்கப் போகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது கடினம்.

போவதும் நுழைவதும்

பாதாள ரயிலில் சேரிங் கிராஸ் அல்லது லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வரும் பிக்கடில்லி தடம் லெஸ்டர் ஸ்கொயருக்கு நேராக வருகிறது, மாற வேண்டியதில்லை.

தினமும் காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 9 வரை. டிசம்பர் 24, 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் விடுமுறை. கூட்டமில்லாத நேரம் வேண்டுமானால், வார நாளில் திறந்தவுடன் போங்கள், அல்லது வெள்ளி மாலை ஆறுக்குப் பிறகு போங்கள். சனி, ஞாயிறு பிற்பகலைத் தவிர்ப்பது நல்லது. நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம், அதுவும் இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. முதல் வருகையில் அது தேவையில்லை.

சதுக்கத்திலிருந்து கட்டடத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் தனியாகத் தெரிவது செயின்ஸ்பரி பிரிவு. 1991இல் கட்டிய இந்தப் பகுதியைப் புதுப்பித்து 2025 மே மாதம் மீண்டும் திறந்தார்கள். இப்போது இதுவே பிரதான வாசல். நடுவிலுள்ள தூண் மண்டபத்தின் படிகளைப் பார்த்து அங்கே போய் நின்று திரும்ப வேண்டாம். சக்கர நாற்காலியோடு வருபவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளோடு வருபவர்களும் செயின்ஸ்பரி வாசலில் படியேறாமல் நுழைந்து, மின்தூக்கியில் மேல்தளத்துக்குப் போகலாம். முக்கிய அறைகள் எல்லாம் அந்த ஒரே தளத்தில்தான்.

வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டில், பழச்சாறு, பிளாஸ்க் காபி எதையும் உள்ளே விடமாட்டார்கள்; 2024 அக்டோபர் முதல் இது விதி. குழந்தைக்கான பாலுக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கும் மட்டும் விலக்கு. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1914இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மேரி ரிச்சர்ட்சன், வெலாஸ்கெஸின் வீனஸ் படத்தைக் கத்தியால் கிழித்தார். 1961இல் கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் படம் திருடுபோய் நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. 1987இல் ஒருவர் லியோனார்டோவின் பெரிய கோட்டோவியத்தைத் துப்பாக்கியால் சுட்டார். 2022இல் சூரியகாந்தியின் மேல் தக்காளி சூப் வீசப்பட்டது. கண்ணாடி இருந்ததால் படம் தப்பியது. ஆகவே புளியோதரைப் பொட்டலமும் இரண்டு லிட்டர் தண்ணீரும் அறையிலேயே இருக்கட்டும், சின்னப் பை ஒன்று போதும்.

கைபேசியில் படம் எடுக்கலாம். ஃபிளாஷும் செல்ஃபி ஸ்டிக்கும் கூடாது. பென்சிலும் சிறு நோட்டும் இருந்தால் நின்று வரையலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

கையில் இருப்பதைப் பாருங்கள்

ஐரோப்பியப் படங்களின் முன் நம்மில் பலர் தயங்கக் காரணம், கதை தெரியாததுதான். பைபிளும் கிரேக்கப் புராணமும் தெரிந்திருந்தால்தான் ரசிக்க முடியும் என்று நினைக்கிறோம். ஆனால் இந்தப் படங்களைப் படிக்கும் பயிற்சி கோயிலுக்குப் போகிற எவருக்கும் ஏற்கெனவே உண்டு. வேலையும் மயிலையும் கண்டால் முருகன், சங்கு சக்கரம் கண்டால் பெருமாள், வீணை கண்டால் சரஸ்வதி. முகத்தைப் பார்த்து நாம் யாரையும் அடையாளம் காண்பதில்லை. கையையும் காலடியையும் பார்க்கிறோம். ஐரோப்பிய ஓவியர்களும் இதே முறையில்தான் வரைந்தார்கள்.

இந்தச் சிறு பட்டியலை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அறைகளில் சமாளித்துவிடலாம்:

- சாவி வைத்திருப்பவர் புனித பேதுரு.
- ஒட்டகத் தோல் உடுத்து, ஆட்டுக்குட்டியோடு அல்லது மெல்லிய சிலுவைக் கோலோடு நிற்பவர் திருமுழுக்கு யோவான்.
- உடம்பெல்லாம் அம்பு தைத்திருப்பவர் செபஸ்தியார். நம் ஊர்க் கெபிகளிலும் அவர் இப்படித்தான் நிற்கிறார்.
- பக்கத்தில் சிங்கம் படுத்திருந்தால் ஜெரோம்.
- உடைந்த சக்கரம் இருந்தால் கேத்தரின்.
- தைலச் சிமிழ் வைத்திருப்பவர் மகதலா மரியா.
- செருப்பிலோ தொப்பியிலோ சிறகு இருந்தால் மெர்க்குரி. நெற்றியில் பிறை இருந்தால் டயானா. தலையில் கொடி சுற்றியிருந்தால் மதுவின் கடவுள் பாக்கஸ்.

ஏழு படங்கள்

செயின்ஸ்பரி பிரிவில் பழைய படங்களும் அடுத்தடுத்த அறைகளில் பிந்தைய நூற்றாண்டுகளும் வருவதால், கீழ்க்கண்ட வரிசை கிட்டத்தட்ட நடக்கும் வழியாகவும் அமையும். அடைப்புக்குள் இருப்பது கேலரியின் பதிவு எண். அறை எண்கள் மாறும், இந்த எண் மாறாது. முதல் நாள் இரவே கேலரியின் இணையதளத்தில் இந்த எண்ணையோ படத்தின் பெயரையோ கொடுத்துத் தேடினால், படம் எந்த அறையில் மாட்டியிருக்கிறது, வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

1. வில்டன் இரட்டைப் பலகை (என்ஜி 4451), சுமார் 1395 முதல் 1399க்குள். புத்தகம்போல் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய இரண்டு சிறு ஓக் பலகைகள். அரசர் இரண்டாம் ரிச்சர்ட் பிரார்த்தனைக்காக வைத்திருந்தது. இடது பலகையில் மண்டியிட்டிருப்பவர் அவர்தான். பின்னால் நிற்கும் மூவரையும் மேலே சொன்ன பாடத்தைக்கொண்டு அடையாளம் காணுங்கள்: ஆட்டுக்குட்டி ஏந்தியவர் திருமுழுக்கு யோவான்; மோதிரம் பிடித்தவர் அரசர் எட்வர்ட்; அம்பு பிடித்தவர் அரசர் எட்மண்ட். வலது பலகையில் மாதாவைச் சுற்றி நிற்கும் பதினொரு தேவதூதர்களின் உடையிலும் ரிச்சர்டின் சின்னமான வெள்ளை மான் குத்தியிருக்கிறது. சொர்க்கமே தன் கட்சியில் இருப்பதாக வரையச் சொன்ன அரசர் 1399இல் பதவி இழந்தார்.

2. ஆர்னோல்ஃபினி தம்பதி (என்ஜி 186), யான் வான் ஐக், 1434. உயரம் 82 சென்டிமீட்டர்தான், கிட்டப்போய்ப் பாருங்கள். பின்சுவரிலுள்ள குவிந்த கண்ணாடியில் தம்பதியின் முதுகும், வாசலில் நிற்கும் இன்னும் இருவரும் தெரிவார்கள். கண்ணாடிச் சட்டத்தில் சுற்றியிருக்கும் பத்துச் சிறு வட்டங்களுக்குள் கிறிஸ்துவின் பாடுகள். அதற்கு மேலே சுவரில், தான் இங்கே இருந்ததாக லத்தீனில் எழுதி ஓவியர் ஒப்பமிட்டிருக்கிறார். அந்தப் பெண் கர்ப்பிணி அல்ல. அந்தக் கால வழக்கப்படி கனத்த உடையை அள்ளிப் பிடித்திருக்கிறார். பகல் வெளிச்சத்திலும் சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிவது ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது.

3. பாக்கஸும் ஆரியாட்னியும் (என்ஜி 35), டிஷன், 1520 முதல் 1523 வரை. தீசியஸ் கைவிட்டுப்போன ஆரியாட்னி இடப்பக்கம் நிற்கிறாள். அவன் கப்பல் தொலைவில் சிறிதாகத் தெரிகிறது. தேரிலிருந்து பாய்ந்து இறங்குகிறவன் பாக்கஸ். புராணப்படி அவன் இந்தியாவை வென்று திரும்புகிறவன். அதனால்தான் தேரை இழுக்க இரண்டு சிவிங்கிகள். வானத்து நீலத்தைக் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்த நிறம் அது, அந்தக் காலத்தில் மிக விலையுயர்ந்த வண்ணங்களில் ஒன்று.

4. தூதர்கள் (என்ஜி 1314), ஹான்ஸ் ஹோல்பைன், 1533. லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் ழான் தெ தின்த்வில், அவர் நண்பர் பிஷப் ஜார்ஜ் தெ செல்வ் ஆகிய இருவரும் ஏறக்குறைய ஆளுயரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் குத்துவாளின் உறையில் 29 என்றும், மற்றவர் முழங்கை ஊன்றிய புத்தகத்தில் 25 என்றும் வயது எழுதியிருக்கிறது. நடுவிலுள்ள தட்டுகளில் வானியல் கருவிகள், உலக உருண்டை, நரம்பு அறுந்த லூட் வாத்தியம். தரையில் சாய்வாகக் கிடக்கும் வெளிறிய வடிவம் நேரே நின்றால் விளங்காது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரையொட்டி நின்று பாருங்கள்: மண்டையோடு. இப்போது மேலே இடது மூலையைப் பாருங்கள். பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை. இளமை, பதவி, அறிவு எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஓவியர் வைக்கிற முற்றுப்புள்ளிகள் இந்த இரண்டும். அச்சிலும் திரையிலும் கிடைக்காத அனுபவம் இது. உடம்பை நகர்த்தினால்தான் படம் முழுமையாகும்.

5. ரெம்பிரான்ட், இருமுறை (என்ஜி 672, என்ஜி 221). 34 வயதில் வரைந்த தன்னுருவமும் 63 வயதில், இறந்த ஆண்டான 1669இல் வரைந்ததும் இங்கே இருக்கின்றன. முதலாவதில் பட்டும் தோரணையும். கையை ஊன்றி நிற்கும் அந்த நிலை டிஷனை நினைத்து வரைந்தது. இரண்டாவதற்குள் அவர் கடனில் மூழ்கி, வீட்டை இழந்துவிட்டார். எக்ஸ்ரே ஆய்வில், முதலில் கையில் தூரிகை இருப்பதுபோல் வரைந்து, பிறகு அழித்துக் கைகளைக் கோத்துவைத்தது தெரியவந்தது. இரண்டுக்கும் இடையே நடந்து நடந்து ஒப்பிடுங்கள். முகத்தைவிட, சாயம் அப்பியிருக்கும் விதம்தான் அதிகம் மாறியிருக்கிறது.

6. போர்க்கப்பல் டெமரேர் (என்ஜி 524), டர்னர், 1839. உங்கள் பர்ஸில் 20 பவுண்டு தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2020இல் வெளிவந்த தாளில் டர்னரின் முகமும் இந்தப் படமும் இருக்கின்றன. 1805 டிராஃபல்கர் போரில் சண்டையிட்ட கப்பல் இது. வாசலில் நீங்கள் கடந்துவந்த சதுக்கத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதே போர்தான். பாய்மரக் காலம் முடிந்து, நீராவிப் படகு ஒன்று அதை உடைப்பதற்கு இழுத்துப் போகிறது. உண்மையில் அப்போது கப்பலின் பாய்மரத் தண்டுகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். டர்னர் அவற்றைத் திரும்ப நிறுத்திக் கம்பீரமாக வழியனுப்பினார்.

7. சூரியகாந்தி (என்ஜி 3863), வான் கோ, 1888. கூட்டம் அதிகம் நிற்கும் இடம். காத்திருந்து முன்வரிசைக்குப் போங்கள். பிறகு ஓரமாக நின்று பக்கவாட்டில் பாருங்கள். விதைப் பகுதியில் சாயம் குவியல் குவியலாக நிற்பது அப்போதுதான் தெரியும். ஆர்ல் நகரத்துக்கு வரவிருந்த நண்பர் கோகானின் அறையை அலங்கரிக்க வரைந்த வரிசையில் ஒன்று. மஞ்சள் பின்னணியில் மஞ்சள் பூ, மஞ்சள் ஜாடி, மஞ்சள் மேசை. ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு இத்தனை வேறுபாடு காட்ட முடியுமா என்ற சோதனை அது.

பெயர்ப்பலகையை எப்போது படிப்பது?

படத்தைப் பார்த்த பிறகு. பலகையை முதலில் படித்தால், அதில் சொன்னதைச் சரிபார்ப்பதோடு கண் நின்றுவிடும். இரண்டு நிமிடம் படத்தைப் பார்த்து, யார், எங்கே, என்ன நடக்கிறது என்று நீங்களே ஊகித்துவிட்டு, பிறகு படியுங்கள். பலகையின் கடைசி வரியையும் விடாதீர்கள். படம் எந்த ஆண்டு, யார் கொடுத்து அல்லது எந்த நிதியில் வாங்கி வந்தது என்று அதில் இருக்கும். என்ஜி 1 என்ற எண்ணுள்ள படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செபாஸ்டியானோ தெல் பியோம்போவின் லாசருவைத் தேடலாம். 1824இல் ஆங்கர்ஸ்டைன் வீட்டிலிருந்து வந்தது அது.

குழந்தைகளும் பெரியவர்களும்

குழந்தைகளுக்கு ஏழு படம் அதிகம், நான்கு போதும். விலங்குகளைத் தேடச் சொல்லுங்கள்: ஹென்றி ரூசோவின் மழைக்காட்டுப் புலி (பிரான்சைவிட்டு வெளியே போகாதவர், பாரிஸ் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக் காட்டை வரைந்தார்), கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும் ஸ்டப்ஸின் விசில்ஜாக்கெட் குதிரை, டர்னரின் ரயில் படத்தில் தண்டவாளத்தின் மேல் ஓடும், கண்ணுக்கு எளிதில் அகப்படாத முயல், ஆர்னோல்ஃபினி தம்பதியின் காலடி நாய். தூதர்கள் படத்தின் மண்டையோட்டையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் ஹோட்டலுக்குத் திரும்பும்வரை அதைப் பற்றியே பேசுவார்கள்.

வயதானவர்களோடு போனால் பெஞ்சுகளை நம்பித் திட்டமிடுங்கள். பல அறைகளின் நடுவே பெஞ்சு உண்டு. இரண்டு படத்துக்கு ஒருமுறை உட்காருவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டால், யாரும் அப்பாவையோ அத்தையையோ அவசரப்படுத்த வேண்டியிருக்காது. கழிப்பறையும் காபிக் கடையும் உள்ளேயே இருக்கின்றன. மலிவாகச் சூடாகச் சாப்பிட நினைத்தால், சதுக்கத்தின் எதிர் மூலையில் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நிலவறையில் உணவகம் உண்டு. சைவமா என்று கேட்டு வாங்குங்கள், சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கக்கூடும்.

புறப்படும் முன்

- முதல் நாள் இரவு: திறப்பு நேரத்தையும், ஏழு படங்களின் அறை எண்களையும் இணையதளத்தில் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்று காட்சியில் இல்லையென்றால், மேலே சொன்ன விலங்குகளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
- எடுத்துப் போக: சின்னப் பை, பென்சில், நோட்டு, சார்ஜ் உள்ள கைபேசி, பழகிய செருப்பு அல்லது ஷூ.
- விட்டுப் போக: தண்ணீர் பாட்டில், சாப்பாடு, பெரிய பெட்டி. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பெட்டியோடு நுழைந்துவிடலாம் என்ற திட்டம் பலிக்காது.
- நேரப் பங்கீடு: ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் வீதம் 70 நிமிடம், நடக்கவும் உட்காரவும் 30, நீங்களாகக் கண்டெடுக்கும் எட்டாவது படத்துக்கு 20.
- கடைசி 20 நிமிடத்தை மட்டும் எந்தப் புத்தகத்திடமும் கொடுக்காதீர்கள், இந்த நூலிடமும்தான். ஏதாவது ஓர் அறையில் எந்தப் படம் உங்களை நிறுத்துகிறதோ அதன் முன் நின்று, பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு அடுத்து யார் போனாலும் அவர்களுக்கு நீங்கள் சொல்லப்போவது அந்தப் படத்தைப் பற்றித்தான்.